சர்வர் அறைக்கு ஒரு ரிலீவர்

தங்கவயலில் எங்கள் தொழிற்சாலைக்கு சர்வர் வாங்கியபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. சர்வர் தங்கவயலில் இருக்கும்வரை நான் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பேன். அது பெங்களூருக்குப் போனால், அதைப் பார்த்துக்கொள்ளும் நானும் விடியற்காலை ரயிலில் போய், மகள் தூங்கிய பிறகுதான் திரும்ப வேண்டும். மூன்று மாதம் சிக்கலில்லாமல் ஓடினால் இங்கேயே இருக்கட்டும் என்று பெங்களூர் தலைமை அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

சாமான் வழங்கும் ஸ்டோர்ஸின் கம்ப்யூட்டர்கள் சர்வரிலிருந்து தகவலை எடுக்க டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். இரண்டு கிடைத்தன. ஒன்றில், ஒரே நேரத்தில் எத்தனை இணைப்போ அத்தனை லைசென்ஸ். இன்னொன்றில் சர்வருக்கு ஒரே லைசென்ஸ், எத்தனை பேர் வேண்டுமானாலும் நுழையலாம், விலைதான் அதிகம். நான் இரண்டாவதைக் கேட்டேன். ஒரு ஷிப்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள்தானே, கம்ப்யூட்டரை எண்ணி லைசென்ஸ் வாங்கினால் போதாதா என்றார் பெங்களூர் அதிகாரி. காகிதத்தில் பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அப்படியே வாங்கிவிட்டார்.

முதல் வாரமே ஷிப்டு மாறும் நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. போன் மேல் போன். எரிச்சலோடு ஸ்டோர்ஸுக்குப் போனால், ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் இரண்டு பேர். வேலை முடிந்தவர் தன் திரையை மூடவில்லை. வந்தவர் அதே கம்ப்யூட்டரில் இன்னொரு திரையைத் திறந்து, தன் பெயரில் நுழைந்து, இருப்பைச் சரிபார்த்து, எடுத்துக்கொண்டேன் என்று வாயால் சொன்ன பிறகுதான் முதல் ஆள் மூடுவாராம். லைசென்ஸ் எல்லாம் முதல் ஆட்களிடம் இருந்தன. அவர்கள் மூடாமல் இவர்கள் நுழைய முடியாது. இவர்கள் நுழையாமல் அவர்கள் மூட மாட்டார்கள். சாமான் வாங்க வந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோர்ஸில் ஒருவர், இங்கே வருமுன் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். மற்றவர்கள் அவர் பேச்சைத்தான் கேட்பார்கள். முதலில் மூடிவிட்டுப் போங்கள், வருகிறவர் பிறகு திறக்கட்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"ரிலீவர் கைல ஒப்படைக்காம எப்டி மேடம் எடத்த உட்டுப் போறது?" என்றார். "கீழ அப்டிப் போனா, அடுத்து வர்றவன் செத்தான்."

இங்கே பாறை சரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் என் அப்பாவும் சுரங்கத்துக் கூண்டு லிப்டான கேஜில் இறங்கி ஏறியவர்தான். அடுத்த ஷிப்டில் இடத்தை வாங்கிக்கொள்ள ரிலீவர் வராத நாட்களில் அவர் சாப்பாடு வீட்டில் ஆறிக் கிடக்கும்.

மற்ற டிரைவரை வாங்கித் தாருங்கள் என்று பெங்களூருக்குத் திரும்பத் திரும்ப எழுதினேன். லைசென்ஸை மாற்ற முடியாது, ஆட்களின் பழக்கத்தை மாற்றுங்கள் என்றார் அதிகாரி. மாற்றப் போனேன். நான் நின்றால் மூடினார்கள். என் தலை மறைந்தால் பழையபடிதான். அவர்கள் மேலும் கோபம், அதிகாரி மேலும் கோபம். கோபப்பட்டுக் கோபப்பட்டே அலுத்துப்போனேன். மூன்று மாதம் முடிந்ததும் சர்வரை ஏற்ற லாரி வந்தது. பெங்களூரில் இறக்கிய கையோடு நான் கேட்ட டிரைவரையே வாங்கினார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

லாரி போன சாயங்காலம், காலி அறை வாசலில் சாவியோடு நின்றிருந்தேன். வீட்டுக்குப் போனால் மகளிடம் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் இருந்த அந்த ஸ்டோர்ஸ்காரர் டிபன் கேரியரோடு அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னா மேடம், போவலயா? உங்க ரிலீவர் யாரு?"

யாரும் இல்லை என்றேன்.

கேரியரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் நிக்கறேன். சொல்லுங்க."

ஏசியை நிறுத்திவிட்டேன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன், உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

"எடுத்துக்கிட்டேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். "கொழந்த காத்துனு இருக்கும். நீங்க போங்க."