உன் மனைவிக்கு என்ன வேலை?

“புருஷன் எப்போ வர்றார்?” என்று யாராவது கேட்டால் பெர்லிதா “சீக்கிரம்” என்பாள். ஐந்து வருடமாக அதே சீக்கிரம்தான். முதல் வருடம் அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் சிவக்கும். இரண்டாம் வருடம் எரிச்சல் வந்தது. இப்போது ஒன்றும் வருவதில்லை. கடையில் “பை வேணுமா?” என்றால் “வேண்டாம்” என்று சொல்வது போல, அந்த வார்த்தை தானாக வாயிலிருந்து விழுந்துவிடுகிறது.

அமெரிக்காவில், வலேஹோ என்ற ஊரில் அவள் வேலை பார்க்கும் வீடு, பார்வைக்கு அந்தத் தெருவின் மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும். உள்ளே போனால்தான் தெரியும், ஆறு அறையில் ஆறு வயோதிகர்கள். பிள்ளைகளால் பார்த்துக்கொள்ள முடியாதவர்களும் பிள்ளையே இல்லாதவர்களும். அவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர். ஒருத்தி பெர்லிதா, இன்னொருவர் தெல்ஃபின் அண்ணன். முதலாளியம்மாவையும் சேர்த்து மூன்று பேரும் பிலிப்பைன்ஸ்காரர்கள். காரேஜை ஒட்டிய சின்ன அறையில் பெர்லிதாவின் கட்டில் இருக்கிறது. அதனால் வேலைக்குப் போவது, வேலையிலிருந்து வருவது என்று அவளுக்கு எதுவும் கிடையாது.

தெல்ஃபினுக்கு அறுபது வயது. ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. படுக்கை விரிப்பைக்கூட விடைத்தாள் கட்டு மாதிரி விளிம்பு பார்த்துத்தான் அடுக்குவார்.

“ஊர்ல என்ன வேலைன்னு சொல்லி வச்சிருக்கீங்க அண்ணே?” என்று வந்த புதிதில் பெர்லிதா கேட்டாள்.

“ஹோட்டல் மேனேஜர். பொய்யா சொன்னேன்? ஆறு ரூம். எப்பவும் ஃபுல். காலி பண்ணிட்டுப் போனவங்க யாரும் இதுவரைக்கும் குறை சொல்லி ஒரு கடுதாசி போட்டதில்ல.”

அன்றைக்குப் பெர்லிதா சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

அவள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா அமெரிக்கக் கப்பற்படையில் சமையல்காரராக இருந்து, வலேஹோவிலேயே தங்கிவிட்டவர். கல்யாணமாகாத மகள் என்ற வகையில் அவளுக்குக் கிரீன் கார்டு கேட்டு மனு போட்டார். அந்த வகையில் போனால் பதினோரு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் தாலி ஏறினால் மனு செத்துவிடும். ஊரிலோ கிரிசாந்தோ இருந்தான். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பழுது பார்ப்பவன், கை நிறைய கிரீஸ், வாய் நிறைய பாட்டு. பெர்லிதா அப்போது இரண்டாம் வகுப்பு டீச்சர். ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். “இந்தக் கல்யாணத்துக்கு நான் தூக்கிட்டு வர வேண்டிய பன்னிக்குட்டி கிழடாகிச் செத்தே போச்சு” என்று அவன் மாமா கேலி பண்ணுவார். முதலில் கார்டுக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் காத்திருந்தார்கள். அவள் அமெரிக்கா வந்து, கிரீன் கார்டு வாங்கி, மூன்று வார லீவில் திரும்பிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு கல்யாணம் செய்துகொண்டு கார்டுக்காகக் காத்திருந்தார்கள். இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு வருவதில்லை.

மாதா மாதம் அரசாங்கம் ஒரு பட்டியல் போடும். எந்தத் தேதி வரை மனு போட்டவர்களுக்கு இப்போது இடம் என்று அதில் இருக்கும். சில மாதம் இரண்டு வாரம் நகரும், சில மாதம் நகராது, ஒரு தடவை பின்னால் போனது. பின்னால் போன அன்று பெர்லிதா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்கப்புறம் தெல்ஃபின்தான் பட்டியலைப் பார்த்துச் சொல்வார், அவள் பருப்பில் கல் பொறுக்குவது போலக் கேட்டுக்கொள்வாள். இதற்கிடையில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பெர்லிதா அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து சாயங்கால மாத்திரைகளைப் பிரித்து வைத்தாள்.

நர்ஸ் விவகாரம் வந்தது ஒரு போட்டோவால். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நீலச் சீருடையில் ஒரு படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ஊரில் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கீழே “எங்க வீட்டு நர்ஸ்!” என்று எழுதினாள். அதற்குக் கீழே அத்தை, சித்தி, பழைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் என்று வாழ்த்து குவிந்தது. இல்லை அம்மா, நான் ஆயா வேலை பார்க்கிறேன் என்று எழுத பெர்லிதாவுக்குக் கை வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரமே அம்மா சந்தையில் மீன்காரியிடம், “என் மக ஆஸ்பத்திரியில டாக்டருக்கே சொல்லித் தர்றா” என்று அளந்துவிட்டாள். அதற்குப் பிறகு சொல்வது எப்படி? புருஷனிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவனிடம்தான் அதிகம் வெட்கமாக இருந்தது. “இன்னிக்கு வார்டுல கூட்டம்” என்பாள். “ஐயோ பாவம், சாப்பிட்டியா?” என்பான் அவன்.

தேதி ஒரு வழியாக வந்து சேர்ந்தது. வலேஹோவில் வரிக் கணக்கு எழுதித் தரும் ஒன்றுவிட்ட அண்ணன்தான் காகிதங்களை எல்லாம் நிரப்பினான். புருஷனை நான் காப்பாற்றுவேன் என்று அவள் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில், தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியிருந்தது. முதியோர் பராமரிப்பாளர். அந்தக் கட்டைக் கவரில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி அனுப்பிவிட்டு, “வக்கீல் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார். அப்படியே நேர்காணல்ல கொடுத்துடு” என்று போனில் சொன்னாள்.

“சரி” என்றான் கிரிசாந்தோ.

விசா நேர்காணல் மணிலாவில், அமெரிக்கத் தூதரகத்தில், காலை ஏழரைக்கு. வலேஹோவில் அது முந்தைய நாள் மாலை நாலரை. சரியாக ராச்சாப்பாடு ஊட்டும் நேரம், அந்த வீட்டில் ஐந்து மணிக்கே ராத்திரி ஆகிவிடும். பெர்லிதா ஹால்வர்சன் தாத்தாவுக்கு அரைத்த கேரட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர். வாயின் ஒரு ஓரமாக ஊட்டினால் இன்னொரு ஓரமாக வெளியே வரும். அவள் துடைத்துத் துடைத்து ஊட்டினாள்.

“கை நடுங்குதா தங்கச்சி?” என்றார் தெல்ஃபின்.

“இல்லையே.”

“நடுங்கணும்மா. இன்னிக்காவது நடுங்கணும். என் பொண்டாட்டி விசாவுக்குப் போன அன்னிக்கு நான் ஒரு பாட்டியை ரெண்டு தடவை குளிப்பாட்டி விட்டேன். பாட்டி ரொம்ப சந்தோஷப்பட்டாங்க.”

பெர்லிதா தன் கையைப் பார்த்தாள். கரண்டி ஆடாமல் நின்றது. எங்காவது ஒரு ஓரத்தில் பயமோ ஆசையோ இருக்கிறதா என்று உள்ளுக்குள் துழாவிப் பார்த்தாள். கேரட் ஆறுகிறது என்பது மட்டும்தான் தோன்றியது.

தெல்ஃபின் காரேஜ் கதவைத் தூக்கிவிட்டு, வெளியே அடுப்பு வைத்துக் கருவாடு வறுக்கக் கிளம்பினார். வீட்டுக்குள் வறுத்தால் முதலாளியம்மா கத்துவாள். “விசா வந்தா கொண்டாட்டம். வரலைன்னா சோத்துக்குத் தொட்டுக்க” என்றார்.

ஆறேகாலுக்குப் போன் அடித்தது. பெர்லிதா கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஜூன் மாத வெயில் இன்னும் வேலி மேல் இருந்தது.

“பெர்லி.”

“ம்.”

“வெளிய வந்துட்டேன். ஒரு தாள் கொடுத்தாங்க. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.”

பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா. திருப்பிக் கொடுத்தால் இல்லை. அவர்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தலையில் இடி விழுந்ததுபோல் இருந்தது என்று நான் எழுதியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. வேலி ஓரம் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளில் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. அதை எடுத்து உதறிப் போட்டாள்.

“தாள்ல என்ன எழுதியிருக்கு?”

“உறவு உண்மைதான்னு இன்னும் ஆதாரம் கொடுக்கணுமாம். அப்புறம் திரும்பக் கூப்பிடுவாங்களாம். எப்போன்னு போடல.”

“என்ன கேட்டாங்க?”

“எங்க பழகினீங்க, எப்போ கல்யாணம், யார் வந்தாங்க. எல்லாம் சொன்னேன். கல்யாணத்துக்கு அடிச்ச பன்னியோட எடையைக்கூடச் சொன்னேன். ஜன்னல்ல இருந்த ஆபீசரம்மா சிரிச்சாங்க. அப்புறம் உன் மனைவிக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க.”

பெர்லிதா துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“நர்ஸ்னு சொன்னேன். அந்தம்மா காகிதத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாங்க. எந்த ஆஸ்பத்திரின்னாங்க. எனக்கு எந்தப் பேரைச் சொல்றதுன்னு தெரியல. அஞ்சு வருஷமா என்ன வேலை பார்க்கறான்னே உங்களுக்குத் தெரியல, அவ எப்படி உங்க மனைவின்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே.”

ஐந்து வருடம் தள்ளிப்போட்ட வாக்கியம் கடைசியில் எவ்வளவு சின்னதாக இருந்தது!

“சாந்தோ, நான் நர்ஸ் இல்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“கவர் வந்த அன்னிக்கே பிரிச்சுப் படிச்சுட்டேன்.”

“பிரிக்கக் கூடாதுன்னு வக்கீல் சொன்னார்னு—”

“நமக்கு ஏது பெர்லி வக்கீல்?”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த கோபம்.

“படிச்சுட்டுமா நர்ஸ்னு சொன்னே? அறிவு இருக்கா உனக்கு? காகிதத்துல இருக்கறதை வாயால சொல்ல உனக்கு என்ன கேடு?”

“ஜன்னல்ல மைக் வச்சிருக்காங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க பேசறதும் இந்தப் பக்கம் நாம பேசறதும் கூடம் பூரா கேக்குது. எனக்குப் பின்னாடி நாற்காலியில லிகாயா உக்காந்திருந்தா.”

“எந்த லிகாயா?”

“நம்ம ஊர்த் தலைவரோட மருமக. அவளும் நேர்காணலுக்கு வந்திருந்தா. காலையில என்னைப் பார்த்ததும், ‘உங்களுக்கென்ன, பொண்டாட்டி நர்ஸ், கண்ணை மூடிக்கிட்டு விசா’ன்னா. அவ முன்னாடி நான் எப்படிச் சொல்றது? நான் ஊர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அது போய்ச் சேர்ந்திருக்கும். உங்கம்மா சந்தைக்குப் போக வேண்டாமா?”

வேறு யாரிடம் சொன்னாலும் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். பதினாறு வருடக் காத்திருப்பை, மாமியார் சந்தையில் நிமிர்ந்து நடப்பதற்காக ஒரு ஜன்னல் முன்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறான். பெர்லிதாவுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. தனக்குப் பின்னால் நாற்காலியில் லிகாயா இருந்திருந்தால் அவளும் நர்ஸ் என்றுதான் சொல்லியிருப்பாள். வந்த கோபம் அப்படியே இறங்கிப் போனது.

“இப்போ எங்க இருக்கே?”

“எதிர்த்தாப்ல சாப்பாட்டுக் கடை. லிகாயா போயிட்டா. பேனா கடன் வாங்கி வச்சிருக்கேன். சொல்லு.”

“என்ன சொல்ல?”

“உன் வேலையை. காலையில எழுந்ததுலேர்ந்து. திரும்பக் கூப்பிட்டா நான் தப்பு பண்ணக் கூடாது.”

அவள் வேலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள். ஐந்து மணிக்கு எழுவது. ஆறு பேர். நாலு பேருக்கு டயப்பர்.

“யார் மாத்தறது?”

“நான்தான். ஆம்பளைங்களுக்குத் தெல்ஃபின் அண்ணன். அவர் லீவுன்னா எல்லாருக்கும் நானே.”

இந்த இடத்தில் அவன் குரல் மாறும் என்று அவள் எதிர்பார்த்தாள். இதற்குப் பயந்துதான் ஐந்து வருடம் பொய் சொன்னாள்.

“எழுதிட்டேன். அப்புறம்?”

அப்புறம் குளியல், மாத்திரை, அரைத்த சாப்பாடு. ஹால்வர்சன் தாத்தாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது. அவர் தொண்ணூறு கிலோ. மடியில் விழும் சோற்றைப் பொறுக்குவது. மறதி வந்த ஒரு பாட்டி கிள்ளுவாள், அதைத் தடுக்காமல் அவளுக்குத் தலை சீவிவிடுவது. அவள் பாடம் ஒப்பிப்பது போல் சொல்லிக்கொண்டே போனாள். அவன் “ம்”, “ம்” என்று எழுதினான்.

“தொண்ணூறு கிலோவைத் தனியாவா தூக்கறே?”

“சில நாள்.”

“முதுகு வலிக்குமா?”

“இதெல்லாம் அவங்க கேக்க மாட்டாங்க சாந்தோ.”

“அவங்க கேக்க மாட்டாங்க. நான் கேக்கறேன்.”

காரேஜிலிருந்து கருவாட்டு வாசனை வந்தது. தெல்ஃபின் எட்டிப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையால் கேட்டார். பெர்லிதா, இருங்கள் என்று கையசைத்தாள். ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

“வலிக்குது” என்றாள். சொன்ன பிறகுதான் அது வலிக்க ஆரம்பித்தது. வேலி ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“எங்க?” என்றான் அவன்.