முத்திரை இல்லாத பத்தி

எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவு என்றால் முத்திரை அக்காதான். இருபத்தாறு வருடமாக ஒரே மேசை. வருகிற காகிதத்தில் தேதி முத்திரை குத்துவாள், எண் போடுவாள், பதிவேட்டில் ஏற்றுவாள். முத்திரை இல்லாத காகிதத்தை அவள் காகிதமாகவே மதிக்கமாட்டாள். ஒருமுறை மேலதிகாரி கைப்பட எழுதிய கடிதத்தையே, "இது எப்ப வந்துச்சு சார்? முத்திரையைக் காணோம். அப்ப வரவே இல்ல" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த மனிதர் முத்திரை குத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நான் தட்டச்சுப் பிரிவு. அக்கா என்னை "டைப்பு" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் இருவர் மேசைக்கும் நடுவில் ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான் தூரம்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஒருவனே அவளுக்குக் குடும்பம். முப்பத்துநாலு வயது, அச்சகத்தில் வேலை. தொழிற்சங்கம் கேட்டது என்று ஒரு வேலைநிறுத்த நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தான். மறுநாள் காலை பதினோரு மணிக்கு மஃப்டியில் நாலு பேர் வந்து, கை மையைத் துடைக்கக்கூட விடாமல் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரலையே" என்றது காவல் நிலையம். அக்கா பத்தொன்பது தடவை போனாள். அதில் நாலு தடவை என் ஸ்கூட்டரில் நான்தான் கூட்டிப்போனேன். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன், உள்ளே போகத் தைரியம் இல்லை. ஒரு தடவைகூடப் புகாரை வாங்கவில்லை. ஒருநாள் எழுத்தர் மட்டும் கையை நீட்டி வாங்கினார். வாங்கி, அவள் கண்ணெதிரிலேயே டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு வக்கீல்கள் விஷயத்தைப் பாதி கேட்டதுமே, "வேற யாரையாவது பாருங்கம்மா" என்று கைகழுவினார்கள். அமைச்சருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய நாலு கடிதங்களுக்கு மட்டும் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அந்த நாலு அட்டையையும் அவள் குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

நாலாவது மாதம் யாரோ சொன்னார்கள், ஐ.நா.வில் மனித உரிமைக் குழு ஒன்று இருக்கிறது, நம் அரசிடம் அது கேள்வி கேட்கும் என்று. மனுவை நான்தான் மதிய இடைவேளைகளில் தட்டினேன். முதல் படியில் மூன்றாம் பத்தி முழுக்க அந்தப் பத்தொன்பது தடவையும் வக்கீல்களும்தான். தேதி, நேரம், அன்று பணியில் இருந்தவர் யார், என்ன சொல்லித் துரத்தினார், எல்லாம். அக்காவுக்கு அப்படி ஒரு ஞாபகம். படித்துப் பார்த்தவள் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டாள்.

"எதுக்குக்கா அடிக்கிறீங்க?"

"ஆதாரம் எங்க? ஒரு ரசீது இருக்கா, ஒரு முத்திரை இருக்கா? இதையும் சேத்தா மொத்த மனுவையும் பொய்ன்னுடுவாங்க. அட்டை இருக்கிறதை மட்டும் எழுது, போதும்."

"அதுவும் சரிதான்" என்றேன். நானும் அதே அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவள்தானே.

ஒன்றரை வருடம் கழித்துப் பதில் வந்தது. மனுவை ஏற்க இயலாது, உள்நாட்டில் உள்ள வழிகளை முயன்றதாக மனுதாரர் காட்டவில்லை. அக்கா அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தாள். "எந்த வாசலை நான் ஏறாம விட்டேன், டைப்பு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

அடுத்த சில மாதங்களில், காவலில் இருந்து விடுதலையான ஒரு ஆள் அலுவலகத்துக்கே அவளைத் தேடி வந்தார். "உங்க தம்பியும் நானும் ஒரே அறையிலதான் இருந்தோம். அக்கா முத்திரை குத்துற வேலையில இருக்குன்னு சொல்லுவாரு. போன மழைக்காலம் வரைக்கும் இருந்தாரு. அப்புறம் ஒருநாள் காலையில கூட்டிட்டுப் போனாங்க. திரும்ப வரல." பெயரைக் கேட்டோம். சொல்லாமலே போய்விட்டார்.

அந்த வருடம்தான், ஐம்பத்தொரு வயதில், அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். சர்வதேச மனித உரிமைச் சட்டமும் பாதுகாப்பு அமைப்புகளும். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். வகுப்பில் எல்லாம் இளவட்ட வக்கீல்கள். ஒப்பந்தங்கள், குழுக்கள், எது யாருக்குப் பொறுப்பு என்று அவள் நோட்டு நிரம்பியது. ஒவ்வொரு பாடத்துக்கு மேலும் வட்டம் போட்டு உள்ளே தேதி எழுதுவாள். நான் கிண்டல் செய்தால் முறைப்பாள். ஆளுக்கு ஆபத்து என்று தெரிந்தால், முடிவுக்குக் காத்திராமல் "அவர் உயிருக்குப் பாதுகாப்புக் கொடுங்கள்" என்று குழு அரசுக்கு உடனே எழுத முடியும் என்ற பாடத்துக்கு மட்டும் இரண்டு வட்டம்.

ஒன்பதாவது ஞாயிறு. பேராசிரியை, ஐ.நா. குழுவின் முடிவு ஒன்றைப் பெயர்களை மறைத்து நகலெடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அச்சகத் தொழிலாளி. நாலு ஒப்புகை அட்டைகள். நான் தட்டிய அதே மனு. அக்கா காகிதத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த அம்மா அமைச்சருக்குக் கடிதம் போட்டிருக்காங்க. ஆனா போலீஸுக்கும் போகல, வக்கீலையும் பாக்கல. குழு வேற என்ன பண்ணும்?" என்றார் பேராசிரியை.

அக்கா எழுந்தாள். "போனாங்க மேடம். பத்தொன்பது தடவை."

"மனுவுல அப்படி எதுவும் இல்லையேம்மா."

"வாங்க மாட்டேன்னு துரத்திட்டாங்க. அதுக்கு ரசீது கிடையாது. அதனால எழுதல."

"துரத்தினதுதானேம்மா ஆதாரமே? வழி அடைச்சிருக்குன்னு அதை வச்சுத்தானே காட்டணும்? தேதியோட சத்தியம் செஞ்சு எழுதினா குழு அதை எடுத்துப் பாக்கும். அந்த ஒரு பத்தி இருந்திருந்தா இந்த முடிவே வேற. ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பத்தியை அடிச்சது நான்தான்" என்றாள் அக்கா. பேராசிரியை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

புதிய விவரம் இருந்தால் குழுவை மறுபடி கேட்கலாம் என்று அவரே வழி சொன்னார். அக்காவின் வாக்குமூலத்தோடு, நேரில் பார்த்த ஒருவருடையதும் இருந்தால் நல்லது என்றார். நேரில் பார்த்த ஒருவர் நான்தான். வேலை போய்விடும், என் வீட்டு வாசலிலும் ஜீப் நிற்கும் என்று பயந்தேன். பதினோரு நாள் பிடி கொடுக்காமல் ஓடினேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். நோட்டரி அதில் முத்திரை குத்தியபோது அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலாவது வருடம் குழுவின் கடிதம் வந்தது. மனுவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அந்த மனிதன் எங்கே என்று ஆறு மாதத்துக்குள் பதில் சொல்லும்படி அரசைக் கேட்டிருந்தார்கள். நான் அலமாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"கேட்டுட்டாங்கக்கா! கடைசியில கேட்டுட்டாங்க!"

அக்கா கடிதத்தை மேசைமேல் வைத்துக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பத்தி இருந்திருந்தா இதே கேள்வியை முதல் வருஷமே கேட்டிருப்பாங்க, டைப்பு. அப்ப அவன் அந்த அறையிலதான் இருந்தான்."

அவள் அழுதாள். இருபத்தாறு வருடத்தில் அந்த மேசையில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"நீங்க மட்டுமாக்கா? அதுவும் சரிதான்னு சொன்னவ நான்தானே" என்றேன்.

இல்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை.