மில்லிமீட்டர் அக்காவின் மாவில்லாத மேஜை

ஓவனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறார் மில்லிமீட்டர் அக்கா. தட்டில் பன்னிரண்டு சீஸ் குவியல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி, ஸ்கேல் வைத்து அளந்தது. ஓரம் சிவந்து, நடுவில் கொப்பளிக்கிற குமிழி அடங்கும் நொடிக்குக் காத்திருக்கிறார். கைபேசி அடித்து ஓய்கிறது. வீட்டுக்காரர் எதையோ கேட்டபடி உள்ளே வருகிறார். "இப்ப பேச்சுக் குடுக்காதீங்க, முகம் மாறப்போகுது" என்கிறார் அக்கா, சீஸைப் பற்றி.

பத்தொன்பது வருடமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கடையில் இருப்பவர்கள் வைத்த பெயர்தான் மில்லிமீட்டர். கண்ணாடிச் சட்டத்தில் அரை மில்லிமீட்டர் கோணல் இருந்தாலும் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆட்களைப் பெயரால் அல்ல, மூக்கால்தான் நினைவு வைத்திருப்பார். "இடது காது கொஞ்சம் மேல இருக்குமே, அவர்தானே?" என்று கேட்டால் மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்பார்கள். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணாடி சரிந்திருந்தால் இரண்டு நிறுத்தம்வரை பொறுப்பார். மூன்றாவது நிறுத்தத்தில் கை நீண்டுவிடும். "ஒரு நிமிஷம் கழட்டிக் குடுங்க, கோவிச்சுக்காதீங்க." இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் மட்டும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார், அவர் இறங்க வேண்டிய இடமும் அதுதானாம்.

அப்படிப்பட்டவர் சீஸ் பக்கம் திரும்பியதற்குக் காரணம் அவருடைய அண்ணன்.

அண்ணன் பேக்கரி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து, முழங்கை வரை மாவோடு நிற்பவர். ரொட்டி வெந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே சொல்லிவிடுவார். போன வருடம் அவருக்குச் சர்க்கரை வந்தது. மருத்துவர் மாவையும் இனிப்பையும் நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டார். ருசி பார்க்கும் வேலையைக் கடையாளிடம் கொடுத்துவிட்டு, தான் மோந்து மட்டும் பார்த்தார். அதுவரை ஒரு குறையும் இல்லை.

குறை வந்தது ஒரு கல்யாண வரவேற்பில். இருநூறு பேருக்கு நடுவே அண்ணன் ஒரு கேக் துண்டைக் கையில் எடுத்திருந்தார். அது அவர் கடையிலேயே செய்தது. சாப்பிட எடுத்தாரா, அடி வெந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்தாரா, அது அவருக்குத்தான் தெரியும். சின்ன மாமா எங்கிருந்தோ வந்து அதைக் கையிலிருந்து பிடுங்கினார். மாமா நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். அதனால் தன்னைப் பாதி மருத்துவராகவும், கூட்டத்தில் முழு மருத்துவராகவும் நினைத்துக்கொள்பவர். "என்னப்பா, சின்னக் குழந்தையா நீ?" என்று ஊர் கேட்கச் சொன்னார். சிரித்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சிரித்தார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எந்த விருந்துக்கும் வரவில்லை. கூப்பிட்டால் கடையில் ஆள் இல்லை என்பார்.

இப்போது அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அக்கா தன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருந்து என்று அறிவித்தார். அண்ணியோடு வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாம் சேர்த்து இருபத்தாறு பேர். அண்ணன் அதற்கும் வரமாட்டேன் என்றார். அண்ணி சண்டை போடவில்லை. "அவருக்குக் கஷ்டமா இருந்தா விடு, நான் மட்டும் வர்றேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினார். அந்த மழைப் பேச்சுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மதியம் பேக்கரிக்குப் போனார். அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா பார்த்ததும் புரிந்துகொண்டார்: சட்டம் தளரவில்லை, முகம்தான் மெலிந்திருக்கிறது. கழற்றி வாங்கி, ரொட்டி அடுப்பின் அனலில் காது வளைவைக் காட்டி இளக்கி, வளைத்து, மறுபடி மாட்டிவிட்டார். இரண்டு கையும் அண்ணன் காதுகளின்மேல் இருக்கும்போதே விஷயத்தைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழம மேஜைமேல எது இருக்கோ, எல்லாத்தையும் நீங்க சாப்பிடலாம். யார்கிட்டயும் கேக்க வேணாம். உங்களுக்காகச் செஞ்சதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன்."

"அப்படி ஒரு மேஜை கெடையாதும்மா" என்றார் அண்ணன்.

"வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ரொட்டி எடுக்க உள்ளே போய்விட்டார்.

சொல்லிவிட்டு வந்தாயிற்றே தவிர, அக்காவுக்குச் சீஸ் என்றால் ரொட்டிக்கு நடுவே வைக்கிற மஞ்சள் வில்லை, அவ்வளவுதான். மருத்துவமனையில் அண்ணனுக்கு உணவு ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் ஒரு பட்டியலோடு போய் நின்றார். அந்தப் பெண் இரண்டை அடித்துவிட்டு மற்றவற்றை விட்டுவைத்தாள். சீஸைத் துருவி, குவியலாக வைத்துச் சுட்டால் அப்பளம்போல் மொறுமொறுப்பாகும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

முதல் தட்டில் பன்னிரண்டு குவியலும் உருகி ஓடி ஒன்றாகி, உலக வரைபடம்போல் வெளியே வந்தது. இரண்டாவது கருகியது. மூன்றாவதற்கு ஈரமான சீஸ் வாங்கிவிட்டதால் ரப்பராக இழுத்தது. வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், பொறுமைசாலி. தோற்றுப்போன தட்டுகளெல்லாம் அவருக்குத்தான் வந்தன. வரைபடத்தில் ஒரு கண்டத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "எனக்குச் சர்க்கரை வராது, ஆனா பேன்ட்டு பத்தாது" என்றார். அக்கா அவர் பேச்சைக் காதில் வாங்காமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: கெட்டிச் சீஸ், ஒரு மேஜைக்கரண்டி, ஏழு நிமிடம்.

நான்காவது நாள்தான் அந்தச் சங்கதி பிடிபட்டது. ஓவனிலிருந்து எடுத்ததும் சீஸ் இளகி இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடுகிறது. நடுவே சில நொடிகள் மட்டும் சொன்னபடி கேட்கிறது. சூடு காட்டிய பிளாஸ்டிக் சட்டம் வளைந்து கொடுக்குமே, அதே நொடிகள். அக்காவின் விரல்களுக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். காபிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, சூடான வில்லையை அதன்மேல் போட்டு, இரண்டு விரலால் சுற்றி ஒரு தடவு. தூக்கியபோது ஒரு குட்டிக் கிண்ணம் வந்தது. சட்டியும் அதுவே, சாப்பாடும் அதுவே. அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பு சமமாக இல்லை என்று வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது சோதனை. துருவும் வேலை மிச்சமாகட்டும் என்று வீட்டுக்காரர் துருவியே விற்கிற சீஸில் எட்டுப் பொட்டலம் வாங்கி அடுக்கியிருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது. அக்கா பொட்டலத்தைத் திருப்பினார். கடுகு அளவு எழுத்தில் அச்சிட்டதையும் விடாமல் படிப்பது அவர் வழக்கம். லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் சொருகிப் படித்தார். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க உருளைக்கிழங்கு மாவு தூவியது என்று போட்டிருந்தது.

"தூவினதுதானே, எவ்வளவு இருக்கப்போகுது?" என்றார் வீட்டுக்காரர். "உங்க அண்ணனுக்கு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. எதை வேணா எடுங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார். கெட்டிச் சீஸ் இரண்டு கிலோ கட்டியாக வந்தது. மதியம் வரை அவர் துருவ, அக்கா சுட்டார். ஒன்றரை கிலோ துருவியபோது விரல் முட்டியில் தோல் போனது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மிச்சத்தையும் துருவினார். நாலு மணிக்கு மேஜை நிரம்பியது. சீஸ் கிண்ணங்களில் பூண்டும் பச்சைத் தழையும் கலந்த கிரீம் சீஸ். வெள்ளரிக்காயை நீளவாக்கில் சீவி, உள்ளே சீஸ் வைத்துச் சுருட்டிய சுருள்கள். தண்டு நீக்கிய காளானில் முட்டையும் சீஸும் நிரப்பிச் சுட்டது. குடைமிளகாயைப் படகாக வெட்டி, நடுவே உருகிய சீஸ். எல்லாம் வரிசையாக, நூல் பிடித்ததுபோல். வீட்டுக்காரர் ஒன்றை எடுத்தபோது அக்கா இடைவெளியைச் சரிசெய்தார்.

மாவு ஏன் இல்லை என்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை. தட்டு தட்டாகக் காலியானது. அண்ணியின் பள்ளித் தலைமையாசிரியை மூன்றாவது கிண்ணத்தை எடுக்கும்போது, பிஸ்கட்டா இது, எந்தக் கடை என்று விசாரித்தார். அக்கா வீட்டிலேயே செய்ததுதான் என்று மட்டும் சொன்னார். கண் வாசலிலேயே இருந்தது. ஐந்தேகாலுக்கு அண்ணன் வந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். அண்ணி பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே நிறுத்திவிட்டார். அண்ணன் மேஜைக்கு அருகே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், பொருட்காட்சிக்கு வந்தவரைப்போல.

கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கை முன்னால் வந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்தது. சின்ன மாமா அறையின் மறு கோடியில் இருந்தார், இருந்தும் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அது பிஸ்கட்டுப்பா. வெச்சிடு, மாவு."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாயைத் திறந்தார், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இரண்டாக ஒடித்தார். ஒடிந்த சத்தத்தைக் கேட்டார். ஒடிந்த ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார், மோந்தார். பிறகு மேஜையில் இருந்த ஒவ்வொரு தட்டாக, கிண்ணம், சுருள், காளான், படகு என்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கண்ணை ஓட்டினார். கடைசியில் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு முழுக் கணக்கும் விளங்கிவிட்டது என்று அக்காவுக்குத் தெரிந்தது.

"மாமா, நாப்பது வருஷமா மாவு பெசையறவன் சொல்றேன்" என்றார் நிதானமாக. "இதுல ஒரு சிட்டிகை மாவு இல்ல. இந்த மேஜையிலயே இல்ல. நீங்களும் ஒண்ணு எடுங்க."

மாமா எடுத்தார். மென்றார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று கருத்துச் சொல்லிவிட்டு இன்னொன்றும் எடுத்தார். அண்ணி வந்து அண்ணனின் அருகில் நின்றார். அண்ணன் ஒரு காளானை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தனக்கொன்று எடுத்துக்கொண்டு, அண்ணியோடு வேலை பார்த்தவர்கள் சொல்லும் பள்ளிக்கூடத்துப் பழைய கதைகளைக் கேட்கத் தயாரானார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு அடுப்பங்கரைவரை கேட்டது. அக்கா அங்கே அடுத்த தட்டை ஓவனில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வெங்காயம் நறுக்கவே இல்லையே என்றார் வீட்டுக்காரர். வேலையைப் பாருங்க என்று பதில் வந்தது.

எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். அண்ணி காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அண்ணன் ஏதோ மறந்தவர்போல் திரும்பி வந்தார். மேஜையில் ஆறு கிண்ணங்கள் மிச்சம் இருந்தன. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அவற்றை ஒரு காகிதத் துண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுருட்டி, வெளுத்த சட்டையின் பைக்குள் இறக்கினார். நிமிர்ந்தபோது எதிரே அக்கா. பையில் எண்ணெய்க் கறை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அக்கா அருகே வந்து, உள்ளே இருப்பது நொறுங்கிவிடாதபடி இரண்டு விரலால் மட்டும் தொட்டு, அந்தச் சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.