மூடாத இடது கண்

முதலில் நான் சந்தேகப்பட்டது பொம்மையின் கண்ணைத்தான்.

இணையப் பாடங்கள் பார்த்து முப்பரிமாண அனிமேஷன் கற்றுக்கொண்டிருந்தேன். புதூர்நாட்டில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. மேட்டுக்குப் போய்ப் பாடங்களைப் போனில் இறக்கிக்கொண்டு வந்து, ஒன்றரை வயது மகள் பகலில் தூங்கும்போது மடிக்கணினியில் செய்து பார்ப்பேன். அன்றைய பாடம் கண் சிமிட்டல். உங்கள் முகத்தையே வீடியோ எடுத்து, அதைப் பார்த்து இமைகளை அசையுங்கள் என்றிருந்தார்கள். செய்தேன். திரையிலிருந்த பொம்மைப் பெண்ணின் இடது கண் மூடவில்லை.

எனக்கு நடிக்கத் தெரியவில்லை என்றே நினைத்தேன். மறுபடி மறுபடி படமெடுத்தேன். கடைசியில் சரியாக இருந்த பாதியை மறுபக்கம் நகலெடுத்தேன். அந்த மென்பொருளில் அது ஒரு பொத்தான் வேலை. பொம்மைக்குச் சரியாகிவிட்டது. நிம்மதியாக எழுந்தேன்.

சாயங்காலம் ஜீப் ஓட்டிவிட்டு வந்த கணவர், டீயை வாங்கியபடி முறைத்தார்.

"இன்னாடி, ஒரு பக்கமா சிரிக்கற? என்னப் பாத்தா நக்கலா இருக்குதா?"

"நான் சிரிக்கவே இல்லீங்களே."

நான் உறிஞ்சிய டீ என் இடது வாயோரமாக வழிந்தது.

"மேட்டுல நின்னு போனையே பாத்துனு இருந்தா காத்து அடிக்காம இன்னா பண்ணும்?" என்றார் மாமியார். "ஒத்தடம் குடு, காலையில செரியாப் பூடும்."

பக்கவாதமோ என்று பயந்தேன். ஆனாலும் அடுப்பில் துணியைச் சூடுபடுத்தினேன். பெரியவர்கள் சொல்லும்போது நான் மட்டும் பதறுகிறேனோ என்றும் ஒரு எண்ணம்.

அப்போது இடுப்பிலிருந்த மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வாயும் ஒரு பக்கமாக இழுத்தது.

"வண்டிய எடுங்க," என்றேன். துணியை அப்படியே போட்டேன்.

மலைச்சாலையின் வளைவுகளில் அவள் முகத்தையே தடவிக்கொண்டு வந்தேன். திருப்பத்தூரில் டாக்டரம்மா என்னைப் புருவம் தூக்கச் சொன்னார்.

"இடது நெத்தி சுருங்கல. அது ஒரு வகையில நல்ல சேதிம்மா."

பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி அசையுமாம். எனக்கு வந்திருந்தது பெல்ஸ் பால்சி (முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கி ஒரு பக்கம் செயலிழப்பது). மகளுக்கு டார்ச் காட்டி விளையாடினார். அவள் நேராகச் சிரித்தாள்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. உங்களப் பாத்துப் பண்றா."

நான் பால் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) எழுதினார். முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், ஒத்தடம் காத்திருக்கட்டும்.

"முகம் திரும்பிடுமா மேடம்?"

"முக்காவாசிப் பேருக்குத் திரும்பிடும். எப்பன்னு சொல்ல முடியாது."

கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமைமேல் டேப். "பொம்மைக்குப் போட்டாப்புல உனுக்கும் ஒரு நகல் போட்டுக்க," என்றார், பொம்மைக் கதையை என்னிடம் கேட்டிருந்த கணவர். சிரித்தால் கோணும் என்று அடக்கிக்கொண்டேன். மகளுக்கு முன்னால் சிரிப்பதையே நிறுத்தியிருந்தேன்.

அனிமேஷனில் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால், இடைப்பட்ட அசைவை மென்பொருள் நிரப்பும். உடம்பு அந்த இடைவெளியை நம்மையே வாழச் சொல்கிறது. கண்ணாடியைத் துணியால் மூடி வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். மறுபடி மூடினேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போது அவள் என் மூக்கில் கூழைப் பூசினாள். என்னை மறந்து சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்தபடியே அவளும் சிரித்தாள். அவள் வலது உதட்டோரம் முதலில் உயர்ந்தது. ஒரு கணம் தாமதித்து, இடதும் உயர்ந்தது.

கண்ணாடியைத் தேடவில்லை. இன்னொரு முறை சிரித்து, அவள் முகத்தில் அந்த இடது ஓரம் வந்து சேரும்வரை காத்திருந்தேன்.