போனில் வந்த குழந்தை

அந்தப் போனை எங்கள் மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுவந்தவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் பாவம், அமெரிக்காவில் அண்ணாவோடு வேலை பார்த்தவர்; தன் பெட்டியில் பாதி இடத்தை அதற்குக் கொடுத்துத் தூக்கிவந்தார். போனோடு ஒரு குட்டி டிவி, அதற்கு மேல் ஒரு கேமரா. பேச்சின் நடுவில் பொத்தானை அழுத்தினால் குரல் நின்றுபோகும், கரகரவென்று சத்தம் வரும், மறுமுனையில் இருப்பவரின் கறுப்பு வெள்ளைப் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கும். அசையாத படம். கரண்ட் போனால் அதுவும் போய்விடும். நம் ஊர் கரண்ட் அதற்கு ஆகாது என்று கூடவே செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வேறு.

அண்ணா அங்கே ஒரு பெண்ணை வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அப்பா அவனோடு பேசுவதில்லை. அவர் ரிடையராகி வீட்டில் இருந்தார், தபால்காரரிடம் கடிதம் வாங்குவதும் அவர்தான். அண்ணாவின் கவர்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அப்பா மதிக்கிற காகிதம் எதுவும் எங்கள் வீட்டில் வெறும் காகிதமாக இருந்ததில்லை. ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட், ஆஞ்சநேயர் படம் போட்ட காலண்டர் அட்டை, எல்லாமே பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த கடையில் லேமினேஷன் ஆகி வந்தவை. அண்ணாவின் சான்றிதழ்களை மட்டும் அந்தப் பளபளப்போடு பரணில் ஏற்றிவிட்டார்.

அண்ணாவும் லேசுப்பட்டவன் இல்லை. குழந்தை பிறந்ததும், "இனிமே போட்டோ அனுப்ப மாட்டேன். பேத்தியைப் பாக்கணும்னா அந்தப் போனுக்கு முன்னாடி வந்து ஒக்காரட்டும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கூப்பிடுவான். மணி அடித்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் பக்கம் கிளம்பிவிடுவார். அப்பாவுக்கு என்று போட்ட நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, திரையில் இறங்கும் நெற்றியையும் மூக்கையும் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இரண்டு பிடிவாதங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

"போட்டோவா இருந்தா அப்பா பாப்பார்டி. யாரும் இல்லாதப்போ எடுத்துப் பாப்பார், நேக்குத் தெரியும். எப்படியாவது அதை ஒரு பிரிண்ட் போட்டுக் குடு" என்றாள் அம்மா. பிரிண்ட் போடுவது என்னவோ தோசை வார்ப்பது மாதிரி.

சினேகிதியிடம் கேமரா இரவல் வாங்கித் திரையைப் படம் எடுத்தேன். ரோல் முடியாமல் கழுவத் தர முடியாதே என்று மிச்சத்துக்கு வாசல் பூந்தொட்டிகளையெல்லாம் எடுத்துத் தீர்த்தேன். பூந்தொட்டிகள் அருமையாக வந்தன. குழந்தையின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பிளாஷ் வெளிச்சம் வெள்ளையாகப் பொத்துக்கொண்டு நின்றது. "டிவியப் போயி போட்டோ எடுத்திருக்கீங்களே மேடம்" என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார். பிளாஷ் இல்லாமல் எடுத்த அடுத்த ரோலில் மூக்குக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்தப் போனுக்கென்றே தனியாக ஒரு பிரிண்டர் விற்பது அண்ணாவுக்குத் தெரியும். வாங்கி அனுப்ப மாட்டானாம்.

கடைசியில் ஆபீஸ் தோழி ஒருத்தி வழி சொன்னாள். அவளுடைய அக்கா தி. நகரில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்த டாக்டர். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் படம் அடித்துக் கொடுக்கும் மெஷினில் இந்தப் போனின் வயரையும் செருகலாமாம். "வீட்டு லைன் சரியில்லை, இந்த நம்பருக்குப் பண்ணு" என்று அண்ணாவிடம் பொய் சொல்லிவிட்டு, போனையும் டிரான்ஸ்பார்மரையும் ஆட்டோவில் ஏற்றினேன். "இன்னாம்மா இது, இம்மாம் வெயிட்டா கீது" என்றார் டிரைவர். டிரான்ஸ்பார்மரை மடியில் வைத்துக்கொண்டு தி. நகர் போய்ச் சேர்ந்தேன்.

முதல் படத்தில் குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவது, லைன் இரைச்சலில் பாதியோடு நின்றது. மூன்றாவதில் முழு முகமும் இறங்கியது. டாக்டர் பொத்தானை அழுத்தினார். பளபளவென்று ஒரு மெல்லிய தாள் வெளியே வந்தது. அப்பாவின் தாடை அப்படியே அந்தக் குழந்தைக்கு. "சூடு படாம வச்சுக்கோங்க. சூட்டுலதான் இந்தப் படமே விழுது" என்றார் டாக்டர். அம்மாவிடம் வந்து சொன்னேன். அப்பாவிடம் யார் சொல்வது? அவர்தான் அதைப் பார்க்கவே போவதில்லையே.

அம்மா அதை அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தாள். அடுத்த ஞாயிறு வரை அது அங்கேயே கிடந்தது. அன்று காலை காணோம். அப்பாவையும் காணோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எடுத்துண்டார்டி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா திரும்பி வந்தார். கையில், நாலு மூலையும் வட்டமாக வெட்டி லேமினேஷன் செய்த ஒரு தாள். முழுக்க முழுக்கக் கறுப்பு.

"மெஷினுக்குள்ள போறச்சே நன்னாத்தான் இருந்தது" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. லேமினேஷன் மெஷின் சூடு இந்தத் தாளுக்கு ஆகாது என்று, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டால் பார்த்ததாக ஆகிவிடுமே, அதனால் கேட்கவில்லை. எத்தனை அலைச்சல், எத்தனை பொய். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் போன் அடித்தது.

அப்பா செருப்பை மாட்டவில்லை. கறுப்புத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இதுல எங்க பாக்கணும்?" என்று என்னிடம் கேட்டார்.