மினுக்கும் பக்கத்தில் பொட்டு

கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று நைனா முதலில் கேட்டது தண்ணீர் இல்லை, டீ இல்லை. "உங்கம்மாவ பாக்கணும்" என்றார். நர்ஸ் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அம்மா போய்ச் சில வருஷம் ஆகிறது என்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நான்தான் சொல்லியிருந்தேன்.

"பயப்படாதீங்க சிஸ்டர், வீடியோவ சொல்றாரு" என்றேன்.

எங்கள் வீட்டு சாமி ஷெல்ப்பில், அம்மா படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் சுற்றி ஒரு டிவிடி இருக்கிறது. என் மகளுக்குப் பெரியபாளையத்தில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது எடுத்தது. அம்மா நடப்பதும் பேசுவதும் இந்த உலகத்திலேயே அதில் மட்டும்தான் இருக்கிறது. அன்று எங்கள் யார் கையிலும் படம் பிடிக்கிற போன் கிடையாது. எடுத்துக் கொடுத்த ஸ்டுடியோ இப்போது செல்போன் கவர் விற்கிற கடை.

நைனா இரும்புக் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்றே வயதைக் கழித்தவர். ஓய்வு பெற்று வந்ததும் இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. ஆபரேஷன் என்றால் ஓடி ஒளிவார். அம்மா படுக்கையில் விழுந்த காலத்தில் அவளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். "கடைசில அவ மூஞ்சி எப்டி இருந்ததுன்னே தெரியாமப் போச்சும்மா" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் சண்டை போட்டு, அவரைத் திருவள்ளூருக்கு இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்யவைத்தேன். அம்மா முகம் நேரில்தான் வராது, வீடியோவிலாவது பார்க்கட்டும் என்று.

ஆனால் எதில் போட்டுப் பார்ப்பது? எங்கள் பழைய பிளேயர் எப்போதோ செத்து, பழைய இரும்புக்காரரோடு போய்விட்டது. மகளின் லேப்டாப்பில் டிவிடித் தட்டு போடுகிற இடமே இல்லை.

"இப்போ யாரும்மா டிவிடி பிளேயர் வாங்கறாங்க?" என்று சிரித்தாள்.

"உன் மொட்டத் தலைய நான் பாக்க வேணாமா? போடி" என்றேன்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரே ஒரு கடையில்தான் கிடைத்தது. கம்பெனி ஷிப்ட் விட்டு யூனிபார்மோடு போய் நின்றேன். கடைக்காரர் யுஎஸ்பி, கரோக்கி, மைக் செருகுகிற ஓட்டை என்று என்னென்னவோ காட்டினார். நாங்கள் என்ன கச்சேரியா செய்யப் போகிறோம்? எனக்கு வேண்டியது ஒன்றுதான். எங்கள் பழைய பிளேயர் முக்கியமான இடத்தில்தான் சிக்கி நிற்கும். தலையில் ஒரு போடு போட்டால்தான் நகரும். அந்த வயிற்றெரிச்சல் மறுபடியும் வேண்டாம்.

"இது நடுவுல சிக்குமா? அத மட்டும் சொல்லுங்க."

"புது செட்டும்மா, எப்டி சிக்கும்?" என்றார்.

வீட்டில் நைனா யாரையும் தட்டைத் தொட விடவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் துணியைப் பிரித்து, முதுகால் எங்களுக்கு மறைத்துக்கொண்டு அவரே உள்ளே தள்ளினார். டிவியில் "டிஸ்க் இல்லை" என்று ஆங்கிலத்தில் வந்தது. மறுபடி தள்ளினார். மறுபடியும் அதே. நைனா தட்டை எடுத்துத் துணியில் சுற்றி, மார்போடு வைத்துக்கொண்டு திண்டாடிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். அடுத்த நாளே பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தன்னிடமிருந்த ஒரு பக்திப் பாட்டுத் தட்டைப் போட்டுக் காட்டினார். கணீரென்று பாடியது. "ஒங்க தட்டு பாடினா எனக்கு இன்னா? எங்க தட்டு பாடலியே!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை நாஷ்டா ஓட்டலில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அந்த ஆள் கும்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கண்ணைக் காட்ட மறுபடி திருவள்ளூர் போகவேண்டியிருந்தது. இந்தத் தடவை நைனா மஞ்சள் துணி மூட்டையையும் கையில் எடுத்துக்கொண்டார். "தட்ட போட்டுப் பாத்துட்டு வாங்கலாம்மா. அந்தாளு கிட்ட போட்ட மாரி சண்ட போடாத" என்றார். டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று சொல்ல, மனிதர் தெருவில் இறங்கியதிலிருந்து பஸ் போர்டு, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பார்க்கவே அவ்வளவு ஆசையாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. உள்ளே ஒரு மூலையில் டிவிடி பிளேயர்கள் தூசி படிந்து அடுக்கியிருந்தன. கடைக்காரர் நைனாவை விடக் கொஞ்சம் இளையவர், வெற்றிலை வாய். நான் வழக்கம்போல "சிக்காத செட்டா குடுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டினார்.

"மொதல்ல தட்ட குடும்மா. நோயாளிய பாக்காம மருந்து குடுக்க முடியுமா?"

நைனா துணியைப் பிரித்தார். கடைக்காரர் தட்டைத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? டிஸ்க்குக்குப் பொட்டு வச்சிருக்கீங்க?"

அந்த மினுக்குகிற பக்கம் முழுக்கச் சந்தனம். அதன்மேல் குங்குமம். ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, சில இடத்தில் உதிர்ந்து, பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் நைனா குளித்துவிட்டு ஷெல்ப் முன்னால் நின்று அம்மா படத்துக்குப் பொட்டு வைப்பார். அந்த மூட்டையையும் பிரித்து ஏதோ செய்வார். மேல் உறைக்குத்தான் வைக்கிறார் என்று நினைத்திருந்தோம்.

நைனா தட்டை வாங்கி, புதுக் கண்ணால், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தன் கைவேலையை அவரே இன்றுதான் பார்க்கிறார்.

"எழுத்து இருக்கற பக்கத்த முதுகுன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக. "இந்தப் பக்கந்தான் மூஞ்சி தெரியுது. மூஞ்சிக்குத்தான பொட்டு வைப்பாங்க?"

"பெரியவரே, மிசினு படிக்கறதே இந்தப் பக்கத்ததான். இத கீழ பாத்தாப்ல போடணும்."

"நான் மேல பாத்தாப்லதான் போட்டேன்" என்றார் நைனா.

கும்மிடிப்பூண்டிக் கடைக்காரர் கும்பிட்டது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அப்போது அதற்கா நேரம்? நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானே அவ மூஞ்சிய அழிச்சிட்டனாம்மா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, நீ சும்மா இரு நைனா" என்று அதட்டினேன். என் பயத்தை வேறு எப்படி மறைப்பது?

கடைக்காரர் நல்ல மனிதர். தண்ணீரில் தட்டை ஊறவைத்தார். பிறகு பழைய வேட்டித் துணியால், நடுவிலிருந்து ஓரம் பார்த்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தார். சந்தனம் போனது, அது உராய்ந்த கீறல் போகவில்லை. குங்குமம் ஒரு இடத்தில் ரோஸ் கறையாக நின்றுவிட்டது. ஒரு பெரிய கம்பெனி பிளேயரில் போட்டார். அது உள்ளே வாங்கி, முனகி, வெளியே தள்ளிவிட்டது. இன்னொன்றும் அப்படியே. கடைசியில், பேர்கூட ஒழுங்காக எழுதாத ஒரு மலிவு செட்டை எடுத்தார்.

"பெரிய கம்பெனி செட்டுங்கல்லாம் ரோஷக்காரனுங்க. கொஞ்சம் கீறல் இருந்தாலும் மூஞ்ச திருப்பிக்கும். இது எதப் போட்டாலும் துன்னும். சிக்கினாலும் தாண்டிப் போயிடும்."

டிவியில் பூ விரிந்தது. அம்மன் படம் வந்தது. மகளின் பேர் கலர் கலராகச் சுழன்று வந்தது. நான் கையைத் தட்டிவிட்டேன். நைனா மட்டும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நிறுத்துப்பா. ஊட்ல போய்ப் பாத்துக்கறேன். கடைல நின்னுக்கினு அவள பாக்க மாட்டேன்."

பெரியபாளையம் வழியாகத்தான் பஸ் திரும்பி வந்தது. கோயில் நிறுத்தத்தில் வேப்பிலைக் கட்டுகளோடு கூட்டம் ஏறியது. பஸ்ஸே பச்சை வாசனை அடித்தது. நைனா புது பிளேயர் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். என்னிடம் கொடு என்றால் கொடுக்கவில்லை.

வீட்டில் மகள் மூன்று கலர் வயரையும் செருகினாள். புது சாமான் என்றால் பொட்டு வைக்காமல் எப்படி? நைனா குங்குமச் சிமிழோடு வந்து, பிளேயர் முன்னால் நின்று, என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்மா?"

"மேல வை நைனா, மூடி மேல. உள்ள மட்டும் வச்சிடாத சாமி."

மகள் தரையில் விழுந்து சிரித்தாள். நைனாவும் சிரித்தார். பிறகு நல்ல சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. இடையிடையே கட்டம் கட்டமாக உடைந்தாலும், கடைக்காரர் சொன்னது போலத் தாண்டித் தாண்டிப் போனது. மகள் மொட்டைத் தலையோடு கத்தினாள். பிறகு அம்மா வந்தாள். சேலைக்கு மேல் வேப்பிலை கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு கோயிலைச் சுற்றி வந்தாள். பேத்திக்கு அம்மை போட்டிருந்தபோது அவள் வேண்டிக்கொண்டது. "மூக்குத்தி போட்டுக்கினு இருக்கா பாரேன்" என்றார் நைனா. அந்த மூக்குத்தியை அம்மா கடைசிவரை கழற்றவே இல்லை.

அடுத்து, வேனுக்குப் பக்கத்தில் பொங்கல் பானை. அம்மா கரண்டியோடு நிமிர்ந்து, நேராகக் கேமராப் பக்கம் பார்த்தாள்.

"யோவ், எங்கய்யா பூட்ட? பொங்கலு ஆறிப்போவுது. வாய்யா!"

அங்கே சிக்கியது. படம் துடித்து, கொஞ்சம் பின்னால் போய், மறுபடியும் அம்மா நிமிர்ந்தாள். "வாய்யா!" மறுபடி துடிப்பு. "வாய்யா!" ரோஸ் கறை இருந்த இடம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். எனக்கு வந்ததே கோபம்! எதற்காக ஊர் ஊராக அலைந்தேனோ, கடைசியில் அதுவே நடக்கிறது. "தாண்டிப் போயிடும்னு சொன்னானே அந்தாளு!" என்று ரிமோட்டைப் பிடுங்கினேன்.

நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

"உடும்மா. அன்னிக்கு நான் வேன்ல தூங்கிப்பூட்டேன். எத்தினி தபா கூப்டாளோ, பாவம். கூப்டுக்கினு இருக்கட்டும்."

நான் ரிமோட்டைக் கீழே வைத்தேன். நைனா நாற்காலியை டிவி பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.