இருபது கட்டை

பெருநாள் விடுமுறைக்குக் கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்குக் குடும்பமாக வேனில் போனோம். வழியில் ளுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்காக ஒரு பள்ளிவாசலில் இறங்கினோம். தொழுது முடிந்ததும் பெண்களைக் கூட்டிவரும் வேலை என்னிடம் வந்தது. நான் கூச்சக்காரன். பெண்கள் பக்கம் போய்க் கூப்பிடாமல், தூரத்தில் நின்று அவர்களின் வாசலைப் பார்த்தேன். அங்கே ஒரு செருப்பும் இல்லை.

“எல்லாரும் வந்துட்டாங்க” என்று சொல்லி வேனில் ஏறினேன்.

களவு போகும் என்று பயந்து, என் மூத்த சகோதரியான ராத்தா தன் செருப்பைப் பைக்குள் போட்டு உள்ளே கொண்டுபோயிருந்தார். மாப்பிள்ளை மௌத்தாகி விதவையான பிறகு அவர் அதிகம் கதைப்பதில்லை. அதனால் வேனில் அவர் சத்தம் கேட்காதது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஓரிடத்தில் நிறுத்திச் சோற்றுப் பார்சல் கொடுத்தபோது ஒன்று மிஞ்சியது.

“யாருக்கு இண்டைக்கு நோன்பு?” என்றார் வேன் ஓட்டிவந்த மச்சான். எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் பின்சீட்டைப் பார்த்தோம். ராத்தாவின் போன் மட்டும் கிடந்தது.

திரும்பிப் போனபோது அவர் பள்ளிவாசல் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார்.

“எத்தின கட்டை போனதுக்குப் பொறகுடா என்னத் தேடின?”

இருபது கட்டை, அதாவது இருபது மைல், போயிருந்தோம். “அஞ்சு கட்டை, ராத்தா” என்றேன்.

“ஓம், நீ தேடுவாய்” என்று என் தலையைத் தடவினார்.

இன்றும் வீட்டுக்கு வருபவர்களிடம், “அஞ்சு கட்டை போகல்ல, என்ட தம்பி பதறிட்டான்” என்று சிரித்துச் சொல்வார். நானும் சிரிப்பேன். ஆனால் அன்று அந்த விறாந்தையில் அவருக்கு நேர் எதிரே, சுவரில் பெரிய மணிக்கூடு இருந்தது. ஐந்து கட்டைக்கு எவ்வளவு நேரம் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொல்கிறார்.